எந்த ஒளியை வைப்பது? முப்பரிமாண மொடல்களுக்கான ஒளிமுதல்கள்: ஓர் ஒப்பீடு

முப்பரிமாண மொடல் அமைக்கப் பழகுபவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்றுதான். வீட்டை அளவு பிசகாமல் கட்டிவிட்டார்கள், கூரை ஓடுகளைக்கூட ஒவ்வொன்றாக அடுக்கிவிட்டார்கள், ஆனால் ரெண்டர் செய்து (மொடலை ஒளியோடு படமாகக் கணித்தெடுத்து) பார்த்தால் அது திருவிழாக் கடையில் வாங்கிய பிளாஸ்டிக் வீடு போல இருக்கிறது. எந்த ஒளியைப் போட்டால் இது சரியாகும் என்கிறார்கள். மென்பொருளில் சூரியன், புள்ளி, கூம்பு, பரப்பு என்று நான்கு வகை ஒளிமுதல்கள் பட்டியலிலேயே இருக்கின்றன. அவற்றுக்கு வெளியே சூழல் படம், தானே ஒளிரும் பொருள் என்று இன்னும் இரண்டு வழிகள் உண்டு. ஆறையும் ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டுப் பார்ப்பதில் ஒரு கிழமை போய்விடுகிறது.

யாழ்ப்பாணத்தில் இந்த வேலையைச் செய்பவர்களுக்கு வரும் பணிகள் பெரும்பாலும் மூன்று விதமானவை. முதலாவது வீடு: புதிதாகக் கட்டப்போகும் வீடு, அல்லது வெளிநாட்டில் இருப்பவர்கள் நினைவுக்காகக் கேட்கும் பழைய நாற்சார் வீடு. இரண்டாவது பொருள்: நகை, பித்தளைக் குத்துவிளக்கு, பனையோலைப் பெட்டி. மூன்றாவது, கைத்தொலைபேசியில் சுழற்றிப் பார்க்கும்படி இணையத்தளத்தில் வைக்கும் மொடல். இந்த மூன்றையும் மனத்தில் வைத்தே கீழே ஒப்பிட்டிருக்கிறேன். இங்கே பழகுபவர்களிற் பலர் இலவசமாகக் கிடைக்கும் பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளைப் பயன்படுத்துவதால் எண்களும் அமைப்புகளும் அதற்குரியவை. மற்ற மென்பொருள்களில் பெயர் மாறலாம், ஒளியின் இயல்பு மாறாது.

எவற்றைக் கொண்டு எடைபோடுவது

முதல் அளவுகோல் நிழலின் விளிம்பு. இதைத் தீர்மானிப்பது ஒளிமுதலின் பெயருமல்ல, அதன் உண்மையான பருமனுமல்ல. பொருள் இருக்கும் இடத்திலிருந்து பார்த்தால் ஒளிமுதல் எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பதுதான். சூரியனின் விட்டம் ஏறக்குறைய 14 இலட்சம் கிலோமீற்றர், ஆனால் அது 15 கோடி கிலோமீற்றர் தொலைவில் இருப்பதால் நம் கண்ணுக்கு அரைப் பாகைக்குச் சற்றே கூடிய வட்டமாகத்தான் தெரிகிறது. அதனால்தான் வெயிலின் நிழல் கூர்மையாக விழுகிறது. நான்கு அடி டியூப் லைற்றை ஒரு மீற்றர் தூரத்தில் நின்று பார்த்தால் அதன் நீளம் 60 பாகைக்கு மேல் விரிந்திருக்கும்; பத்து மீற்றர் தள்ளிப் போனால் 7 பாகையாகச் சுருங்கிவிடும். கிட்டத்தில் மென்மையான நிழல் தந்த அதே விளக்கு தூரத்திலிருந்து கூரிய நிழல் தருகிறது. "மென்மையான ஒளிக்கு எந்த வகை" என்று கேட்பதற்குப் பதிலாக, "இந்தப் பொருளுக்கு இந்த ஒளி எவ்வளவு பெரிதாகத் தெரிய வேண்டும்" என்று கேட்பவருக்குப் பாதி முடிவு அப்போதே கிடைத்துவிடும்.

இரண்டாவது, தூரத்தோடு ஒளி குறையும் விதம். பள்ளியிற் படித்த நேர்மாறு வர்க்க விதி இங்கேயும் செல்லும்: தூரம் இரு மடங்கானால் ஒளி நாலில் ஒன்றாகும். சூரியனுக்கும் சூழல் படத்துக்கும் மட்டும் இந்தக் குறைவு இல்லை, ஏனெனில் அவை முடிவிலாத் தொலைவில் இருப்பவையாகக் கணிக்கப்படுகின்றன.

மூன்றாவது, ஒளியை வேண்டிய இடத்தில் மட்டும் விழச் செய்யும் கட்டுப்பாடு. நான்காவது, ரெண்டர் எடுக்கும் நேரமும் படத்தில் மணல் தூவியது போல வரும் புள்ளிகளும். பிளெண்டரோடு வரும் சைக்கிள்ஸ் போன்ற, ஒளிக்கதிர்களின் தடத்தைப் பின்தொடரும் கணிப்பில் இந்த மணலைப் பாதியாக்க நான்கு மடங்கு மாதிரிகள் (படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் அனுப்பிப் பார்க்கும் கதிர்கள்) எடுக்க வேண்டும், அதாவது ஏறக்குறைய நான்கு மடங்கு நேரம். மணலைத் துடைக்கும் வசதி மென்பொருளிலேயே உண்டு, ஆனால் அது பனையோலைப் பின்னலின் இழைகளையும் சேர்த்துத் துடைத்துவிடும். ஐந்தாவதை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்: மொடலை வேறிடத்துக்குக் கொண்டுபோகும்போது ஒளியும் கூடவே வருமா என்பது.

சூரியன்: இணைகதிர் ஒளி

வெளிப்புறக் காட்சி எதற்கும் முதலில் வைத்துப் பார்க்க வேண்டியது இதுதான். இதன் கதிர்கள் காட்சி முழுவதிலும் ஒரே திசையில் விழும் என்பதால் இதை எங்கே வைக்கிறோம் என்பது பொருட்டில்லை, எந்தப் பக்கம் திருப்புகிறோம் என்பது மட்டுமே பொருட்டு. புதியவர்கள் சூரியனை மேலே மேலே தூக்கி வைத்துவிட்டு ஒன்றும் மாறவில்லையே என்று திகைப்பது இதனால்தான். பிளெண்டரில் இதற்குக் கோண அளவு ஒன்று உண்டு, இயல்பாக 0.526 பாகை இருக்கும், அது உண்மையான சூரியனின் அளவு. அந்த அளவில், நிழல் தரும் விளிம்புக்கும் நிழல் விழும் தளத்துக்கும் இடையே ஒரு மீற்றர் இருந்தால் நிழலின் ஓரம் ஏறத்தாழ 9 மில்லிமீற்றர் அகலத்துக்கு மங்கும். 12 மீற்றர் உயரத் தென்னோலையின் நிழல் 11 சென்ரிமீற்றர் அகலத்துக்கு மங்கும். முற்றத்து மாமரத்தின் கீழே தெரியும் வெயிற் பொட்டுகள் வட்டமாக இருப்பதும் இதே காரணத்தால்தான்: இலை இடுக்கு எந்த வடிவில் இருந்தாலும் தரையில் விழுவது சூரிய வட்டத்தின் பிம்பம். இந்தக் கோணத்தைச் சுழியமாக்கினால் அந்தப் பொட்டுகள் கந்தலான ஓட்டைகளாகிவிடும். அதைப் பார்ப்பவருக்கு ஏதோ பிழை என்று தோன்றும், என்ன பிழை என்று சொல்லத் தெரியாது.

மறைந்திருக்கும் செலவு திசையில் இருக்கிறது, இதில் நான் பட்ட அனுபவம் ஒன்று உண்டு. கனடாவில் இருக்கும் ஒருவருக்காக அவர்களது பழைய வீட்டைச் செய்துகொடுத்தேன். இணையப் பாடங்களிற் கற்றபடி நண்பகற் சூரியனைத் தெற்கே வைத்திருந்தேன். படத்தைப் பார்த்த அவருடைய அம்மா, "தம்பி, இது எங்கட வீடு இல்லை, ஆனி மாதம் நாங்கள் வடக்குப் படியிலதான் மிளகாய் காயப்போடுறது, நீங்கள் அங்கே நிழல் விட்டிருக்கிறீர்கள்" என்றார். அவர் சொன்னதுதான் சரி. அந்தப் பாடங்களைச் செய்தவர்கள் கடகக் கோட்டுக்கு வடக்கே வாழ்பவர்கள். அங்கே நண்பகற் சூரியன் எப்போதும் தெற்கில்தான் நிற்கும். யாழ்ப்பாணமோ வட அகலாங்கு 9.7 பாகையில் இருக்கிறது. சித்திரை வருடப் பிறப்பை ஒட்டிய நாட்களில் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வருகிறது. பின்னர் ஓகஸ்ட் கடைசியில் மீண்டும் ஒருமுறை வருகிறது. இடைப்பட்ட நாலரை மாதங்களும் நண்பகற் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது. ஜூன் 21ஐ ஒட்டி அது வடக்கில் 76 பாகை உயரத்திலும், டிசம்பர் 22ஐ ஒட்டித் தெற்கில் 57 பாகை உயரத்திலும் இருக்கும். 2.2 மீற்றர் உயரத் தாழ்வார விளிம்புள்ள வடக்கு விறாந்தையில், ஜூன் நண்பகல் வெயில் அரை மீற்றருக்குச் சற்றுக் கூடுதலாக உள்ளே வரும். மிளகாய் காய அது போதும்.

பிளெண்டரில் சூரிய நிலையைக் கணிக்கும் நீட்சி ஒன்று உண்டு. அகலாங்கு, நெட்டாங்கு, நாள், நேரம் கொடுத்தால் அதுவே திருப்பிவிடும். நேர வலயமாக 5.30 கொடுக்க மறக்கக்கூடாது. நம் நேரம் 82.5 பாகை நெட்டாங்குக்கு உரியது, நாம் இருப்பதோ 80இல். அதனால் சித்திரையில் சூரியன் உச்சிக்கு வருவது 12 மணிக்கல்ல, 12.10 அளவில்.

இன்னொரு செலவு: சூரியனை மட்டும் வைத்தால் நிழற்பகுதி முழுக்கக் கரியாகிவிடும், ஏனெனில் நிஜத்தில் நிழலுக்கு ஒளி தருவது நீல வானம். அதனால் சூரியனோடு வானத்தையும் சேர்த்தே எண்ண வேண்டும். தெளிந்த நாளின் வெயில் சதுர மீற்றருக்கு 1000 வாட் அளவில் இருக்கும். அதை அப்படியே கொடுத்தால், கமராவின் வெளிப்பாட்டை எட்டுப் படி அளவில் (ஒரு படி குறைத்தால் வெளிச்சம் பாதியாகும்) குறைத்தாலன்றிப் படம் வெளுத்துப்போகும். பலர் வெயிலுக்கு 3, 4 என்று சிறிய எண்ணைக் கொடுத்து வேலையை முடிக்கிறார்கள். அதிலும் தவறில்லை, வீட்டுக்குள் எரியும் விளக்குகளையும் அதே விகிதத்தில் குறைத்துக்கொண்டால்.

புள்ளி ஒளி

எல்லாத் திசைக்கும் ஒளி வீசும் ஒரு புள்ளி. பிளெண்டரைத் திறந்தவுடன் காட்சியில் இருப்பதும் இதுதான், 1000 வாட் வலுவோடு. அதனாலேயே பழகுபவர்களின் முதற்படங்களில் பாதி இந்த ஒளியில் இருக்கின்றன. அவை தட்டையாகத் தெரிவதற்கும் அது ஒரு காரணம்.

ஆனால் சுடருக்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை. 1990களில் மின்சாரம் இல்லாத யாழ்ப்பாணத்தில் படித்தவர்களுக்கு ஜாம் போத்தல் விளக்கின் ஒளி எப்படி இருக்கும் என்று விளக்கத் தேவையில்லை. புத்தகம் சுடரிலிருந்து 30 சென்ரிமீற்றரில், சுவர் 3 மீற்றரில். நேர்மாறு வர்க்க விதிப்படி சுவருக்குக் கிடைப்பது புத்தகத்துக்குக் கிடைப்பதில் நூறில் ஒரு பங்கு. புத்தகம் வெளிச்சம், அறை இருட்டு. புதியவர்கள் இதைப் படமாக்கும்போது சுவர் தெரியவில்லை என்று வாட்டைக் கூட்டுகிறார்கள். புத்தகம் வெள்ளைத் தாளாக எரிந்துபோகிறது. இருட்டை இருட்டாக விடுவதே அந்தக் காட்சிக்கு நேர்மை. சுடருக்கு ஒளியின் ஆரம் ஒரு சென்ரிமீற்றர் போதும். நிறம் 1900 கெல்வின் அளவில் இருக்கட்டும்.

வாட் என்ற சொல்லிலும் ஒரு பொறி இருக்கிறது. பெட்டியில் 9 வாட் என்று எழுதியிருக்கும் எல்.ஈ.டி. மின்குமிழுக்குப் பிளெண்டரிலும் 9 என்று கொடுத்தால் அது நான்கு மடங்கு பிரகாசமாகிவிடும். பெட்டியில் இருப்பது குமிழ் இழுக்கும் மின்சாரம். மென்பொருள் கேட்பது வெளியே வரும் ஒளியின் வலு. ஏறக்குறைய 800 லூமன் தரும் குமிழுக்கு அங்கே 2 வாட் அளவுதான்.

கணினி விளையாட்டுப் போல உடனுக்குடன் வரையும் இயந்திரங்களில் இதற்கு மறைசெலவு பெரிது. கூம்பு ஒளியின் நிழலுக்கு ஒரு ஆழப்படம் (ஒளியிலிருந்து எது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று பதியும் படம்) போதும். புள்ளி ஒளி எல்லாப் பக்கமும் பார்ப்பதால் கனசதுரத்தின் ஆறு முகங்களுக்கும் ஆறு படங்கள் வேண்டும். விறாந்தைத் தூண்களுக்கு மேல் எட்டுக் குமிழ் தொங்கவிட்டால் அது 48 படம். எங்கெல்லாம் ஒளி உண்மையில் ஒரு பக்கமே போகிறதோ அங்கெல்லாம் புள்ளியை எடுத்துவிட்டுக் கூம்பை வைத்தால் கைத்தொலைபேசி சூடாகாது.

கூம்பு ஒளி

டோர்ச், மேடை விளக்கு, கோபுரத்துக்குக் கீழிருந்து அடிக்கும் பெரிய விளக்கு. கட்டுப்பாட்டில் மற்ற எல்லாவற்றையும் இது வெல்லும். நிழலும் தூரக் குறைவும் புள்ளி ஒளிக்கு உரியவையே, ஏனெனில் இது மறைப்புப் போட்ட புள்ளி ஒளிதான். அதனால் கூம்பை ஒடுக்கினாலும் பிளெண்டரில் ஒளியின் வலு கூடாது. நிஜ டோர்ச்சிலோ தெறிப்பி ஒளியைக் குவிப்பதால் ஒடுங்க ஒடுங்க வலு கூடும். இதை அறியாமல் கூம்பை ஒடுக்கிவிட்டு, ஒளி போதவில்லை என்று வேறெங்கோ பிழை தேடுவார்கள்.

சுவரில் ஒளி விழும் உருவம் முக்கியமாக இருக்கும் உட்புற வடிவமைப்புக்கு, விளக்கு உற்பத்தியாளர்கள் தரும் ஐ.ஈ.எஸ். கோப்பு ஒளி எந்தக் கோணத்தில் எவ்வளவு போகிறது என்பதைச் சொல்லும். சைக்கிள்ஸ் அதைப் படிக்கும். வாடிக்கையாளர் அந்த விளக்கைத்தான் வாங்கப்போகிறார் என்றால் மட்டும் அதற்காக மெனக்கெடலாம்.

பரப்பு ஒளி

யன்னல், வெண்துணி போர்த்திய ஸ்ரூடியோ விளக்கு, மழைமேகத்தின் ஒரு துண்டு: இவையெல்லாம் பரப்பு ஒளிகள். பருமனையும் தூரத்தையும் தனித்தனியே மாற்றலாம் என்பதால் நிழலின் விளிம்பு முழுக்க நம் கையில் இருக்கும். பிளெண்டரில் பரப்பைப் பெரிதாக்கினாலும் மொத்த வாட் மாறாது. எனவே வெளிச்சம் எகிறாமல் நிழலை மட்டும் மென்மையாக்கலாம். ஒளி ஒரு பக்கமே வரும், முதுகுப் பக்கம் இருட்டு. பொருளைத் தனியே காட்டும் படங்களுக்கு எனது முதல் தெரிவு இதுவே.

பனையோலைப் பெட்டியை எடுத்துக்கொள்வோம். பின்னலின் மேடு பள்ளம் தெரிய வேண்டுமானால் ஒளி பக்கவாட்டில், கிட்டத்தட்ட ஓலையைத் தடவிக்கொண்டு வர வேண்டும். அதேவேளை ஒளி மிகச் சிறிதானால் ஒவ்வோர் இழையும் கறுப்புக் கோடாகிப் பெட்டி கம்பிவலை போலாகிவிடும். பெட்டி 30 சென்ரிமீற்றர் என்றால், அதே அளவோ அதைவிடச் சற்றுப் பெரிதோ ஆன ஒரு பரப்பை அரை மீற்றர் தூரத்தில் பக்கவாட்டாக வைத்து, எதிர்ப்புறம் ஒரு வெள்ளைத் தகட்டை ஒளி தராமலே, தெறிப்புக்காக மட்டும் நிறுத்தினால் போதும். மூன்று விளக்கு வைக்க வேண்டும் என்று பாடங்கள் சொல்லும். பெட்டிக்கு ஒன்று போதும்.

நாற்சார் வீட்டில் இந்த ஒளிக்கு வேறொரு வேலையும் உண்டு. அந்த வீட்டுக்குள் வரும் பகலொளி நடு முற்றத்துத் திறப்பு வழியாக வருவது. வானத்தை மட்டும் ஒளிமுதலாக வைத்தால், மென்பொருள் வீட்டுக்குள்ளிருந்து எல்லாத் திசைக்கும் கதிர்களை அனுப்பி, எது வானத்தைத் தொடுகிறது என்று தேடும். பெரும்பாலானவை கூரையில் முட்டித் திரும்ப, படம் மணலாகும். முற்றத்துத் திறப்பின் அளவுக்கு ஒரு பரப்பு ஒளியைக் கீழ்நோக்கி வைத்து, சைக்கிள்ஸில் அதை 'வாயில்' (portal) என்று குறித்துவிட்டால், அது தானாக ஒளி தராது. "வானம் இந்த வழியிற்தான் இருக்கிறது" என்று கணிப்புக்கு வழி மட்டும் காட்டும். யன்னல்களுக்கும் இப்படியே. இதற்கு ஒரு நிபந்தனை: ஒளி வரும் திறப்புகள் எல்லாவற்றையும் குறிக்க வேண்டும், இல்லாவிட்டால் விடுபட்ட யன்னல் வழியாக வரும் ஒளியில் மணல் அப்படியே இருக்கும்.

செலவுகள்: பளபளப்பான பொருளில் பரப்பு அதன் வடிவத்தோடு தெரியும், குத்துவிளக்கின் குமிழ்ப் பகுதியில் ஒரு வெள்ளைச் சதுரம் கிடப்பதைப் போல. வட்ட வடிவத்துக்கு மாற்றலாம், அல்லது அதை ஒரு யன்னலின் பிம்பமாகவே ஏற்றுக்கொள்ளலாம். இன்னொன்று, இணையத்துக்கு மொடல்களைக் கொண்டுபோகும் ஜி.எல்.ரி.எவ். (glTF) கோப்பு வடிவத்தின் ஒளி நீட்சியில் இணைகதிர், புள்ளி, கூம்பு மூன்றுக்கே இடமுண்டு. பரப்பு ஒளி வழியிலேயே உதிர்ந்துவிடும். உலாவியில் முப்பரிமாணம் வரையும் திரீ ஜே.எஸ். (three.js) நிரல் நூலகத்தின் செவ்வகப் பரப்பு ஒளியைத் தனியே வைக்கலாம், ஆனால் அது நிழல் தராது.

சூழல் படம்

ஓர் இடத்தில் நின்று சுற்றிவர எடுத்த, வெளிச்ச வேறுபாட்டை முழுமையாகக் காக்கும் படம். அதை ஒரு கோளமாகக் காட்சியைச் சுற்றிப் போர்த்தி, அதன் ஒவ்வொரு புள்ளியையும் ஒளிமுதலாக்குவது. நிஜப் படத்தால் கற்பனைப் பொருளுக்கு ஒளியூட்டும் இம்முறையைக் கணினி வரைகலை ஆய்வாளர் போல் டெபெவெக் (Paul Debevec) 1998இல் வெளியிட்டார். இன்று படப்பிடிப்புத் தளங்களிலும் இதுவே நடைமுறை. பொலி ஹேவன் (Poly Haven) இணையத்தளத்தில் இத்தகைய படங்கள் உரிமைக் கட்டுப்பாடின்றி இலவசமாகக் கிடைக்கின்றன.

உலோகத்துக்கு இதற்கு இணை இல்லை. கஸ்தூரியார் வீதி நகைக்கடை ஒன்றுக்கு அட்டியல் ஒன்றின் மொடலைச் செய்து, அதைப் புள்ளி ஒளிகளால் மட்டும் வெளிச்சமாக்கினால், பொன் மண்ணிறமாகத்தான் தெரியும். மெருகேற்றிய பொன்னுக்குச் சொந்தமாக வெளிச்சத்தைப் பரப்பும் மேற்பரப்பு இல்லை. சுற்றியிருப்பதைத் தன் நிறத்திற் காட்டுவதே அதன் தோற்றம். சுற்றிலும் கறுப்பு என்றால் பொன்னும் கறுப்பு. சூழல் படம் போட்டவுடன் அது பொன்னாகிறது. கல் பதித்த நகைக்கு அதோடு இரண்டு மூன்று சிறிய, வலுவான ஒளிகளும் வேண்டும். வைரத்தின் மினுக்கம் சிறு ஒளியிற்தான் பிறக்கும், விரிந்த வானில் அது பால் போல மங்கிவிடும்.

செலவு நினைவகத்தில் தொடங்குகிறது. 4096க்கு 2048 புள்ளிகள் கொண்ட ஒரு படம், புள்ளிக்கு 16 பைற் வீதம் விரியும்போது 128 மெகாபைற். எட்டாயிரம் அகலப் படம் 512 மெகாபைற். பதினாறாயிரம் என்றால் 2 கிகாபைற். 4 கிகாபைற் கிராபிக்ஸ் அட்டையில் கடைசியானது பாதியை விழுங்கிவிடும். ஒளிக்காக மட்டும் என்றால் இரண்டாயிரம் அகலமே பெரும்பாலும் போதும். பின்னணியாகவும் தெரிய வேண்டுமென்றால்தான் பெரியது.

அடுத்த செலவு இடம். படம் எங்கே எடுக்கப்பட்டதோ அந்த ஊரின் வானமும் தரையும் கூடவே வரும். தாழ்ந்த சூரியனும் நீண்ட நிழலும் புல்வெளியின் பச்சைத் தெறிப்பும் கொண்ட படத்தை வேறு ஊருக்கு வைக்கலாம். செம்மண்ணும் வெண்சுண்ணச் சுவரும் உள்ள வளவுக்கு வைத்தால், மொடல் சரியாக இருந்தும் ஊர் மாறிவிடும். அத்தோடு படத்தின் சூரியனை நம் இஷ்டத்துக்கு உயர்த்த முடியாது, சுழற்ற மட்டுமே முடியும். மேகமூட்டமான வானத்தின் படத்தை எடுத்து, நம் சூரியனைத் தனியே வைப்பது நான் கையாளும் வழி. பிளெண்டரில் வானத்தைக் கணித்தே வரையும் அமைப்பும் உண்டு. வீட்டுக்கு அதுவே கூடுதலாகப் பொருந்தும், நகைக்கு அது வெறுமையாக இருக்கும்.

தானே ஒளிரும் பொருள்

டியூப் லைற், கடையின் பெயர்ப்பலகை, திரை, திருவிழா அலங்கார மின்குமிழ்கள். ஒளியின் வடிவமே கண்ணுக்குத் தெரிய வேண்டிய இடத்தில் இது. ஆனால் கோயில் வீதியில் ஆயிரம் சிறு குமிழ்களைத் தொங்கவிட்டு, ஒவ்வொன்றையும் ஒளிமுதலாக்கினால் கணிப்பு எதை முதலில் மாதிரி எடுப்பது என்று திணறும். 2023இல் வந்த பிளெண்டர் 3.5 பல ஒளிகளை மரமாக வகுத்துக் கையாளத் தொடங்கியபின் நிலைமை தேறியிருக்கிறது; ஆயினும் குமிழ்கள் கண்ணுக்கு மட்டும் ஒளிரட்டும் என்று விட்டு, வீதிக்கு வெளிச்சம் தர மங்கலான நாலைந்து பரப்பு ஒளிகளை வைப்பதே விரைவு. 2024இல் வந்த பிளெண்டர் 4.2க்கு முந்திய ஈவீயில் (பிளெண்டரின் உடனடி வரைவு இயந்திரம்) ஒளிரும் பொருள் அருகிலுள்ள சுவருக்கு நேரடியாக வெளிச்சம் தராது என்பதையும் பழைய கணினியில் பழைய பதிப்பை வைத்திருப்பவர்கள் நினைவிற் கொள்ள வேண்டும்.

எல்லாப் பக்கமும் ஒரே சீராகப் பூசப்படும் பரவல் ஒளி என்று இன்னொன்றும் சில மென்பொருள்களில் உண்டு. அது நிழலைக் கொன்றுவிடும் என்பதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

ஒரே பார்வையில்

| ஒளிமுதல் | நிழல் விளிம்பு | தூரத்தோடு குறைவு | ரெண்டர் சுமை | ஜி.எல்.ரி.எவ். கோப்பில் |
|---|---|---|---|---|
| சூரியன் | கூர்மை. கோணத்தால் மாற்றலாம் | இல்லை | குறைவு | போகும் |
| புள்ளி | ஆரத்தைப் பொறுத்தது | உண்டு | சைக்கிள்ஸில் குறைவு. உடனடி வரைவில் அதிகம் | போகும், கூரிய நிழலோடு |
| கூம்பு | ஆரத்தைப் பொறுத்தது | உண்டு | குறைவு | போகும், கூரிய நிழலோடு |
| பரப்பு | மென்மை. முழுக் கட்டுப்பாடு | உண்டு | நடுத்தரம் | போகாது |
| சூழல் படம் | படத்தைப் பொறுத்தது | இல்லை | வெளியே நடுத்தரம். வீட்டுக்குள் அதிகம் | தனியே ஏற்ற வேண்டும் |
| ஒளிரும் பொருள் | வடிவத்தைப் பொறுத்தது | உண்டு | எண்ணிக்கை கூடினால் அதிகம் | ஒளிர்வது தெரியும்; பிறவற்றுக்கு ஒளி தராது |

யாருக்கு எது

வீட்டின் வெளிப்புறம் என்றால் சூரியனும் கணித்த வானமும். வேறெதையும் தேட வேண்டாம். கோபுரம் போன்ற சிற்ப வேலைக்கும் அதுவே, ஆனால் நேரத்தை மாற்றுங்கள்: நல்லூர்த் திருவிழா நாட்களின் நண்பகலில் சூரியன் ஏறத்தாழ உச்சியில் நிற்பதால் ஒவ்வொரு சுதைச் சிற்பத்தின் முகத்திலும் அதன் நெற்றி நிழல் விழுந்துவிடும், காலை எட்டு மணியோ மாலை நாலரை மணியோ சிற்பத்துக்கு உகந்தது. வீட்டின் உட்புறத்துக்கு வானமும், திறப்புகளில் வாயிற்பரப்புகளும். இரவுக் காட்சி என்றால் குமிழுக்குப் புள்ளி, டியூபுக்கு ஒளிரும் பொருள் அல்லது நீள்பரப்பு.

நகைக்குச் சூழல் படமும் சிறு ஒளிகளும். ஓலை, மரம், மண்பாண்டம் ஆகியவற்றுக்கு ஒரு பரப்பு ஒளி. குத்துவிளக்கு இரண்டுக்கும் நடுவில் நிற்கும்: பித்தளை உடம்புக்குச் சூழல் படம் வேண்டும், திரியின் சுடருக்குப் புள்ளி வேண்டும்; பகல்போல் சூழலை ஏற்றிவிட்டால் சுடர் சோர்ந்துவிடும், எனவே சூழலைக் கால்பங்குக்கும் கீழே இறக்கியபிறகுதான் சுடரைத் தொடுவேன்.

இணையத்துக்கு என்றால் வேறு கணக்கு. பார்ப்பவரின் கைத்தொலைபேசி எத்தகையது என்று நமக்குத் தெரியாது. அசையாத மொடலுக்கு, பரப்பு ஒளியையும் வானத்தையும் சைக்கிள்ஸில் ஒருமுறை ஆறுதலாகக் கணித்து, அந்த வெளிச்சத்தையும் நிழலையும் மேற்பரப்புப் படத்திலேயே பதித்து அனுப்பினால், அங்கே எந்த ஒளிமுதலும் தேவைப்படாது. பதிப்பதற்கு மொடலின் தோலை ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் விரித்து வைக்க வேண்டும், அதற்கு ஒரு நாள் போகும். பிறகு நிறத்தையோ நேரத்தையோ மாற்றச் சொன்னால் மீண்டும் பதிக்க வேண்டும். வாடிக்கையாளர் மனம் மாறுபவர் என்று தெரிந்தால் சூரியன் ஒன்றும் சிறிய சூழல் படம் ஒன்றும் போதும் என்று நிறுத்திக்கொள்வேன்.

நீண்ட ரெண்டர்களைப் பற்றி ஒரு சிறு குறிப்பு: அசையும் காட்சியைக் காணொளிக் கோப்பாக எழுதாமல், ஒவ்வொரு சட்டகத்தையும் தனிப்படமாக எழுதுங்கள். இரவில் மின்சாரம் போனால் அதுவரை முடிந்த படங்கள் கையில் இருக்கும்.

அந்தக் கனடாக் குடும்பத்தின் வீட்டை மறுபடி செய்தபோது, ஜூன் இறுதி, பகல் 12.15 என்று கொடுத்துச் சூரியனை வடக்கே கொண்டுவந்தேன், கோணம் 0.526இலேயே இருந்தது. தெற்கிலிருந்த எனது பழைய சூரியனுக்கு ஈடாக வைத்திருந்த இரண்டு பரப்பு ஒளிகளையும் எடுத்துவிட்டேன். வெண்சுவரிலிருந்து தெறித்த வெயிலே விறாந்தைக்குப் போதுமானதாக இருந்தது. அந்த அம்மாவுக்காக வடக்குப் படியில் ஒரு பாயும் கொஞ்சம் மிளகாயும் சேர்த்தேன். சிவப்பு, விறாந்தையின் அடிச்சுவரில் மெல்லியதாகப் படிந்தது, அதை நான் வைக்கவில்லை.